கடைசிக் கூட்டம்

முன்னால் போன சைக்கிள் வீரர்களில் மகன் சேயோன் இல்லை.

அவர் இரண்டாம் முறை எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் சம்பந்தி கவனிப்பார்.

ஆல்ப்ஸ் மலைச்சாலையின் இந்த வளைவுக்குச் சம்பந்தி வீட்டாரை அழைத்து வந்தவர் அவர்தான். மகளுக்கு நிச்சயமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "சேயோன் மலை ஏறுறதைப் பாருங்கோ" என்று சூரிச்சிலிருந்து வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சேயோன் ஏறுவான். சமவெளியில் காற்றுக்கு முகம் கொடுத்து அணியை இழுப்பான். மழையில் பயமின்றி இறங்குவான். விட்டால் வெல்லவும் செய்வான்.

விடமாட்டார்கள்.

அவனுடைய அணி ஒரு ஸ்பிரிண்டருக்காகக் கட்டப்பட்டது. தொடை பெருத்த பெல்ஜியக்காரன். முடிவுக்கோடு கண்ணில் பட்ட பிறகு மட்டும் பாயத் தெரிந்தவன். மலையில் பொதிமாடு. குறித்த நேரத்துக்குள் உச்சியை எட்டாவிட்டால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அவனை ஏற்றிவிடுவதுதான் சேயோனுக்கு இட்ட வேலை.

முந்தைய நாள் தொலைபேசியில் அவர் சொல்லியிருந்தார்.

"எங்கட குடும்பத்திலை ஒருத்தரும் எடுபிடியா நிண்டதில்லை. நாளைக்கு அவனை விட்டிட்டு ஏறு."

மகன் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் மௌனத்துக்கு வேறு பொருள் இருந்ததில்லை.

சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

"பெடியன்ரை சைக்கிள் ஏதும் பழுதோ, சம்பந்தி?"



கடைசிக் கூட்டம் வந்தது. அதற்கும் பின்னால் இரண்டு பேர். அவர்களை ஒட்டி, முடியாதவர்களை ஏற்றிச் செல்லும் வேன்.

பெல்ஜியக்காரன் வாயைப் பிளந்துகொண்டு சைக்கிளோடு சேர்ந்து ஆடினான். ஒரு முழம் முன்னால் சேயோன். அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு மூச்சு வாங்கவே இல்லை.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பின்தங்கியவர்களின் முதுகில் கைவைத்து ஜனங்கள் தள்ளிவிட்டார்கள். விதிப்படி கூடாது. கடைசியில் வருபவனிடம் யாரும் விதி பேசுவதில்லை.

அவர் சாலையில் இறங்கினார். ஓடினார். மகனின் முதுகில் கையை வைத்தார்.

"போ. அவனை விட்டிட்டுப் போ."

சேயோன் திரும்பினான்.

"எனக்கு வேண்டாம் அப்பா. அவரைத் தள்ளுங்கோ."

வேனின் ஹாரன் அலறியது.

"கெதியா, அப்பா."

மகன் கேட்டு அவர் மறுத்ததுண்டு. கெஞ்சி அவர் பார்த்ததில்லை.

பெல்ஜியக்காரனின் முதுகு நனைந்து வழுக்கியது. இரண்டு கைகளாலும் தள்ளினார். வளைவு முடியும்வரை ஓடினார். அந்நியமொழியில் அவன் ஏதோ முனகினான். நன்றியாக இருக்கலாம்.

மகன் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்தார். சம்பந்தி கைப்பேசியைத் தாழ்த்தினார். எல்லாவற்றையும் எடுத்திருந்தார்.

"ஆர் அது, நீங்கள் தள்ளினது?"

"மகன்ரை சிநேகிதன்" என்றார்.

கை இன்னும் ஈரமாக இருந்தது.