இடது கைப் பரீட்சை

"அந்தப் பையனுக்கு இடது கையில வலு இருக்கா?"

ஒருவரை விரும்புவதாக அவள் சொன்ன அன்று அப்பா கேட்ட ஒரே கேள்வி இதுதான். வேலை என்ன, வீடு எங்கே, கூடப் பிறந்தவர்கள் யார் என்ற பேச்சே இல்லை.

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. நம்ம வண்டியோட கிளட்சைப் பிடிச்சு, தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரட்டும். நடுவுல நின்னுபோச்சுன்னா, அப்படியே அவன் வீட்டுக்கு நடந்து போயிடலாம்."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா, லாரிக்கு டிரைவர் எடுக்கறீங்களா?"

அப்பாவைவிட வயதில் மூத்த மோட்டார் சைக்கிள் அது. அதன் கிளட்ச் லீவரைப் பிடிப்பது, துருப்பிடித்த இரும்புக் கதவை ஒரே கையால் இழுத்துச் சாத்துவது போல. தெருவில் அப்பாவைத் தவிர யாரும் ஓட்டியதில்லை. அதைச் சொல்லிக் காட்டாமல் அவர் யாரையும் விட்டதுமில்லை. கொஞ்ச நாளாக மட்டும் வண்டிக்குத் துணி போர்த்திவிட்டு, "நடந்தா உடம்புக்கு நல்லது" என்று சொல்லி, பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

அவள் விரும்பியவனோ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். கடுகளவு திருகாணிகளை முடுக்கிப் பழகிய விரல்கள். பரீட்சை என்றதும் ஈரப் போர்வையைப் பிழிந்து பயிற்சி எடுக்க ஆரம்பித்தான்.

"எப்படிப் போகுது?" என்று போனில் கேட்டாள்.

"போர்வைக்கு ஒண்ணும் ஆகல. மணிக்கட்டுதான் சுளுக்கிக்கிச்சு."

அவள் நேரே அப்பாவின் நண்பரான மெக்கானிக்கிடம் போனாள். அவர் ஷெட்டில் ஒரு வண்டியின் அடியில் படுத்திருந்தார்.

"மாமா, அப்பா வண்டிக் கிளட்சைக் கழட்டிட்டு, இந்தக் காலத்துக் கிளட்ச் போட முடியுமா? அப்பாவுக்குத் தெரியக் கூடாது."

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். "பழைய வண்டியில புதுசு அப்படியே உக்காராதும்மா. நடுவுல ஒரு துண்டு அளவெடுத்து லேத்துல கடையணும். அதுக்கே ஒரு மாசம் ஆகும்."

"ஐயோ மாமா! வர ஞாயித்துக்கிழமை பரீட்சை!"

அவர் காதைச் சொறிந்துகொண்டார். மேல் தட்டிலிருந்து எண்ணெய்க் காகிதம் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துத் தூசு தட்டினார். "சரி, இதை வச்சுப் பாக்கறேன். சனிக்கிழமை அப்பா வீட்டுல இருப்பாரா?"

இருக்கவில்லை. அத்தை வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லிக் கிளம்பியிருந்தார். எந்நேரமும் அவர் சட்டைப் பையில் இருக்கும், வண்டி நிற்கும் கொட்டகையின் சாவி அன்று ஆணியில் தொங்கியது. மறந்துவிட்டாரே என்று அவளுக்கு ஒரே குஷி.

மெக்கானிக் பழைய கிளட்சைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். கடைசியில் மூடியை மாட்டி, கையைத் துடைத்தார். "மேல பழைய லீவரையே விட்டுட்டேன். பாத்தா ஒண்ணும் தெரியாது. பிடிச்சுப் பாரு."

இரண்டு விரலால் இழுத்தாள். வெண்ணெயாக வந்தது.

அன்று மாலையே போனில் பாடம் நடத்தினாள். "லேசா இருக்குன்னு சிரிச்சிடாதீங்க. பல்லைக் கடிக்கணும். நெத்தி நரம்பு புடைக்கணும்."

"நடிக்கணுமா? அது கிளட்சைவிடக் கஷ்டமாச்சே!"

ஞாயிற்றுக்கிழமை வாசலில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். நடுவராக மெக்கானிக்கையும் வரவழைத்திருந்தார்.

கண்ணாடிக்கடைக்காரன் லீவரைப் பிடித்தான். பல்லைக் கடித்தான், கண்ணை உருட்டினான், அடிவயிற்றிலிருந்து முனகினான். "தம்பிக்குத் தண்ணி கொண்டாரவா?" என்று அம்மா பதறினாள். ஆனால் வண்டி குலுங்காமல் கிளம்பியது. தெருமுனையில் திரும்பி, வாசலில் வந்து நின்றது.

"முடிச்சிட்டேன் சார்."

"என்ன சார் மோர்னுட்டு? மாமான்னு கூப்பிடுங்க, மாப்பிள்ளை!" என்றார் அப்பா.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"எறங்குங்க. நானும் ஒரு சுத்து போயிட்டு வரேன்."

அந்தக் கை லீவரில் பட்டால் போதும், குட்டு வெளியாகிவிடும். கல்யாணமும் அதோடு போச்சு.

"வேண்டாம்பா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்!"

அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏறி உட்கார்ந்தார், ஒரே உதையில் எஞ்சினைக் கிளப்பினார். இடது கையை லீவருக்கு நீட்டினார்.

இரண்டு விரலை மட்டும்தான் நீட்டினார்.

"மாமா, மாட்டிக்கிட்டோம்!" என்று அவள் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டிச் சத்தத்தின் மறைவில் அவர் அவள் காதோரம் குனிந்தார். "அந்தப் பொட்டலத்துல இருந்த துண்டை முன்னாடியே கடையச் சொன்னது உங்கப்பாதான்மா. கையில பழைய வலு இல்ல. இத்தனை நாள் பெருமையடிச்சிட்டு, இப்ப மாத்துன்னு சொல்ல வெக்கம். 'என் பொண்ணே வந்து கேப்பா, அப்ப மாட்டு'ன்னாரு. பரீட்சை மாப்பிள்ளைக்குன்னா நெனச்சே?"

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் இந்தப் பக்கமே பார்க்காமல் தெருமுனை தாண்டிப் போய்விட்டார்.