தண்ணிக் கமிட்டித் தலைவர்

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பிள்ளைக்கு இதுக்கு முன்னாடி என்னென்ன மாத்திரை குடுத்தீங்க?”

கீழக்கரை ஆஸ்பத்திரியில் டாக்டர் சித்தி ஜுனைதா திரும்பவும் கேட்டாள். வயிற்றுப்போக்கில் துவண்டு, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள் சிறுமி பூமயில்.

“சத்தியமா ஒண்ணுகூட இல்ல தாயி. கசக்கும்னு ஓட்டம் புடிச்சிருவா” என்றார் அப்பா பூமிநாதன்.

“பின்ன எப்படி? ஏத்துன மருந்து எதுக்கும் கிருமி அசைய மாட்டேங்குதே! மாசக்கணக்கா அரைகுறையா மாத்திரை தின்னவங்களுக்குத்தான் இப்படி ஆகும். இனி ஒரே ஒரு மருந்துதான் பாக்கி. ராமநாதபுரத்துலருந்து வந்துக்கிட்டிருக்கு. அதுவும் கேக்கலேன்னா…”

“ஆளத் தப்பா நெனைக்கிறீக. நான் எங்கூருத் தண்ணிக் கமிட்டித் தலைவராக்கும்!”

திருப்புல்லாணிப் பக்கம் அவர் ஊர். சுனாமிக்கு மறுவருஷம் ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து வெளிநாட்டுப் பணத்தில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டினார்கள். சுவர் எழும்பிய நேரம் பார்த்துப் பணம் நின்றது; அவர்களும் கிளம்பிவிட்டார்கள். இப்போது அவற்றில் ஆடுகள் சௌகரியமாகக் குடியிருக்கின்றன. ஜனங்கள் பழையபடி கிணற்றை ஒட்டிய கருவேலங்காட்டுக்குப் போய்வருகிறார்கள். கமிட்டியில் மிஞ்சியது தலைவர் மட்டும்தான்.

“அவுக போனா என்ன? கிணத்துல வாராவாரம் மாத்திரை போடணும்னு சொல்லிக் குடுத்தாகள்ல. ஒரு வெள்ளிக்கெழம தவறுனதில்ல. எம்மக குடிக்கிறதும் அந்தத் தண்ணிதான்.”

ஜுனைதாவுக்கு அவர்மேல் மரியாதையே வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த கேனிலிருந்து அவர் ஊற்றிக் கொடுத்த தண்ணீரை அண்ணாந்து குடித்தாள்.

“குளோரின் மாத்திரைய இப்ப யாரு குடுக்கா?”

“அது அப்பவே தீந்துபோச்சு தாயி. அவுக நடத்துன வைத்தியசாலை பூட்டிக் கெடக்குல்ல? உள்ள பெட்டி பெட்டியா மாத்திரை. எல்லாம் கிருமியக் கொல்றதுதானே! மொதல்ல செவப்பும் மஞ்சளுமா ஒண்ணு. அது முடிஞ்சு, இப்ப இந்த வெள்ள மாத்திரை. நுணுக்கிக் கலக்கிவிட்டா ஊருக்கே போதும்.”

மடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

ஜுனைதா அதைத் திருப்பிப் படித்தாள். ராமநாதபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்த மருந்தின் பெயர்.

“கிணத்துக்குக் கசக்கவா போகுது?” என்றார் தலைவர்.