கலரே இல்லாத படம்

மலையில் தீப்பிடித்துப் புகை ஏறினால் அடிவாரத்து ஊரில் அந்தி அழகாகிவிடுகிறது. வனக்காவலனான சன்னாசி தீயணைக்க மேலே போனதிலிருந்து அவன் மனைவி சுகந்தி தினமும் மொட்டைமாடியில் நின்று அதைப் படமெடுத்தாள். "புகைக்குள்ள நின்னா சூரியன் இருக்கா விழுந்துச்சான்னே தெரியாது. நீ எடுத்து அனுப்பு, எறங்கி வந்து பாக்குறேன்" என்று கிளம்பும்போது கேட்டிருந்தான். மேலே சிக்னல் கிடையாது. மாதுளையைப் பிளந்து வைத்தது போன்ற வானங்கள் ஒற்றை டிக்கோடு வரிசையாகக் கிடந்தன. ஸ்டேட்டஸில் வைத்தால் ஊரே இதயம் போட்டது. பக்கத்து வீட்டு ரமணி, "நேத்தவிட இன்னிக்கு சூப்பர்க்கா" என்றபோது அவளை அறையலாம் போலிருந்தது. நேற்றைவிட அழகு என்றால் நேற்றைவிட அதிகத் தீ. இருந்தும் பாழாய்ப்போன கை நல்ல கோணத்தைத்தான் தேடியது.

ஒருநாள் சூரியன் சும்மா விழுந்தது. ஆறிப்போன டீ மாதிரி இருந்தது வானம். அதையும் எடுத்து அனுப்பினாள். ஸ்டேட்டஸில் ஒருவரும் சீண்டவில்லை.

மறுநாள் காலை டிக்குகள் மொத்தமும் ஒரேயடியாக நீலமாயின. உடனே போன் அடித்தது.

"எல்லாம் நல்லாருக்கு புள்ள." புகை குடித்த தொண்டை கரகரத்தது. "கடேசிப் படந்தான் சரியில்ல. கலரே இல்ல."

"கெடுத்தது யாரு?" என்றாள் சுகந்தி. "பச்சக் கொப்ப ஒடிச்சு தீய அடிச்சு அடிச்சு நீங்கதான கெடுத்தீங்க."