பெயர் போடாத படம்

படத்தில் இருப்பது தன் மனைவிதான் என்பதில் சலூன்காரருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலை ஒரு பக்கமாய் ஒதுக்கி, ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி நிற்கும் அந்தக் கோலம் தனக்கு மட்டுமே தெரிந்தது என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.

அதை இப்போது ஓவியக் கண்காட்சி நடந்த மாடி ஹாலில் கூடியிருந்த அத்தனை பேரும் தலையைச் சாய்த்துச் சாய்த்து ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தின் கீழே வெறும் எண்தான் இருந்தது. வேண்டியவர், வேண்டாதவர் பார்த்து யாரும் பாராட்டிவிடக் கூடாதாம். வரைந்தவர் பெயரைக் கடைசி நாள் மாலையில்தான் சொல்வார்களாம். சலூன்காரருக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஜன்னலோரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த டிராயிங் மாஸ்டரை முறைத்தார்.

மாஸ்டர், இவர் மனைவியோடு பள்ளியில் ஒன்றாய்ப் படித்தவர். அவர் கண்காட்சி வைத்தால் முதல் ஆளாய் நிற்பாள். அவர் கூட்டாளிகள் நாடகம் போட்டால் பக்கத்து வீட்டையும் இழுத்துக்கொண்டு போவாள். "நாம போகலைன்னா வேற யாருங்க போவாங்க?" என்பாள்.

இப்போது கொஞ்ச காலமாய், ஞாயிறு தவறாமல் மாஸ்டருக்கு உதவி என்று கிளம்பிவிடுகிறாள். சலூனில் அன்றைக்குத்தான் நிமிர முடியாத கூட்டம். திரும்பி வரும்போது அவள் நகக்கண்ணில் நீலச் சாயம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருமுறை அவள் கலர் டப்பா வாங்கி வந்தபோது, பெயிண்ட் அடிப்பதானால் துருப்பிடித்த நம் வீட்டு கேட்டுக்கு அடி என்று கேலி செய்திருந்தார். பிறகு அந்த டப்பாவை வீட்டில் காணவில்லை. அதையும் மாஸ்டருக்குத்தான் தூக்கிக் கொடுத்திருப்பாள்.

கடைசி நாளான இன்றைக்கு என்னவோ, கட்டாயம் வந்தே ஆகவேண்டும் என்று அவளே அடம்பிடித்துக் கடையைச் சாத்த வைத்தாள். வந்ததும் நல்லதாய்ப் போயிற்று. நாளையிலிருந்து இவள் இந்த ஹால் படி ஏறக் கூடாது. முடிவு செய்துவிட்டார்.

படத்தை நெருங்கிப் பார்த்தார். முகம் பார்ப்பதுதானே அவர் தொழில். ஒரு காதோரக் கிருதா மயிரிழை அளவு ஏறியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். இப்போதும் பட்டது.

மனைவிக்கு மச்சம் வலது கன்னத்தில். படத்தில் அது இடது கன்னத்தில் இருந்தது.

சலூன்காரருக்கு உச்சி குளிர்ந்தது. ஞாயிறு ஞாயிறாய் எதிரே உட்காரவைத்துப் பார்த்தவனுக்கு மச்சம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. நேரே மாஸ்டரிடம் போனார்.

"அடுத்தவன் பொண்டாட்டியை வரையறதுன்னு ஆயிடுச்சு. மச்சத்தையாவது சரியான கன்னத்துல வச்சிருக்கக் கூடாதா மாஸ்டர்?"

படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். எல்லோருக்கும் டீ கொண்டுவந்த மனைவி, தட்டும் கையுமாய் அப்படியே நின்றாள்.

மாஸ்டர் கோபப்படவில்லை. படத்தைப் பார்த்தார், சலூன்காரரைப் பார்த்தார். பெயர் சொல்கிற நேரம்தான் வந்துவிட்டதே, நீயே சொல்லிவிடு என்று அவளிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். நகக்கண்ணில் நீலம் இன்னும் போகவில்லை.

"நாள் பூரா கண்ணாடி முன்னாடி நிக்கிற ஆளுதானே நீங்க?" என்றாள். "என்னை நானே பார்த்து வரைஞ்சா, மச்சம் அந்தப் பக்கம்தானே வரும்?"