ஹால் டிவி

"அக்கா, போன்ல எடுத்தத அப்படியே அனுப்பினா உங்க பழைய டிவி ஏத்துக்காது. அதுக்குப் புரியற மாதிரி மாத்தித்தான் அனுப்பணும்" என்றான் தம்பி, போனில்.

அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு அவன் சொன்ன செயலியைத் திறந்தாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. கோபத்தைத் தலைவலியாக மாற்றி, தனிமையைத் தூக்கமாக மாற்றி, இந்த வீடு ஏற்றுக்கொள்கிற வடிவத்தில்தான் எதையும் வெளியே விட்டிருக்கிறாள்.

"அப்படி என்ன வீடியோக்கா?"

"உங்க மாமாவுக்குத்தான். நேர்ல பேசினா 'ம்'ங்கிறார். டிவியில வந்தா பாப்பாரில்ல?"

"மாமாவா? விளம்பரத்தைக்கூட விடமாட்டாரே" என்று சிரித்தபடி தம்பி போனை வைத்தான்.

ஹாலில் மேட்ச் அலறிக்கொண்டிருந்தது. வீடியோவின் கடைசி வரி அவளுக்கு மனப்பாடம்: 'இனியும் சுவரோடதான் பேசணும்னா, அம்மா வீட்டுச் சுவரே எனக்குப் போதும்.' கட்டிலடியில் பெட்டி தயாராக இருந்தது.

கோப்பு மெல்ல மெல்ல மாறி முடிந்தது. தன் குரலைத் தானே கேட்கும் துணிச்சல் இல்லாமல், புகை போக்கும் விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டாள். மாடி வீட்டோடு பங்குபோட்ட வைஃபை, நத்தை மாதிரி ஊர்ந்தது. ஒருவழியாகப் போன் திரையில் 'ஹால் டிவி' என்று ஒரே ஒரு பெயர் எழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

வீடியோ ஓடி முடிந்த கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கணவன் நின்றான். வந்த இடம் தெரியாத விருந்தாளியைப் போல அடுப்பையும் அலமாரியையும் பார்த்தான்.

"பீன்ஸ் நறுக்கணுமா? குடு" என்றான்.

விசிறியை நிறுத்திவிட்டுக் கத்தியைக் கொடுத்தாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து கோணல்மாணலாக நறுக்கினான். அவளுடைய முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். பதிலையும் கேட்டான். தம்பியைப் பற்றி விசாரித்தான். இவ்வளவுதானா, இத்தனை வருஷம் ஒரு பத்து நிமிஷப் பேச்சுக்கா காத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டாள். பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்துத் திரும்ப அடுக்கிவிட வேண்டும், அவன் பார்ப்பதற்குள்.

அழைப்பு மணி அடித்தது. திறந்தால் மாடி வீட்டுக்காரி. கண் சிவந்திருந்தது, முகம் சிரித்தது.

"அக்கா, எங்க டிவிக்கும் 'ஹால் டிவி'ன்னுதான் பேரு. உங்க வீடியோ அங்க வந்துடுச்சு" என்று தணிந்த குரலில் சொன்னாள். "நிறுத்தத்தான் போனேன். எங்க வீட்டுக்காரர்தான் 'இரு, பேசட்டும்'னார். முழுசாப் பாத்துட்டு, என்கிட்ட மன்னிப்புக் கேட்டு, இப்ப பாத்திரம் கழுவிட்டிருக்கார்."

அவள் மெல்லத் திரும்பினாள். கணவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பளிச்சென்ற முகத்தோடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தான்.

"உங்க டிவி ஓடுதாம்மா? எங்களது பாதி மேட்ச்ல செத்துப்போச்சு, பொழுதே போகல. மிச்சத்தை அங்க வந்து பாத்துக்கட்டுமா?"