கூட்டணியை விட்ட தீவு

ஏதென்ஸ் நகரத்துப் போர்க்கப்பல் ஒன்றில் ஒரு துடுப்பு இருந்தது. பெரும்படையோடு வந்த பாரசீக அரசனைக் குறுகிய கடலில் மடக்கி விரட்டியடித்த துடுப்புகளில் அதுவும் ஒன்று. அந்தக் கர்வம் அதற்கு உண்டு, இருக்கத்தானே வேண்டும்!

சில வருடங்கள் கழித்து, துடுப்புக்காரன் அதைத் தோளில் வைத்து, தான் உட்காரும் தோல்மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடி கப்பலேறினான்.

“பாரசீகன் திரும்ப வந்துட்டானா?” என்று உற்சாகமாகக் கேட்டது துடுப்பு.

“அவன் எங்கே வந்தான்! பாரசீகனை எதிர்க்கச் சேர்ந்த நம்ம கூட்டணியை விட்டு ஒரு தீவு விலகிடுச்சாம். அதை அடக்கப் போறோம்” என்றது மெத்தை.

“விடுதலைக்காகச் சேர்ந்த கூட்டணியாச்சே அண்ணே! விலக உரிமை கிடையாதா?”

“சேரத்தான் உரிமை. பேசாம தண்ணியைத் தள்ளு.”

தீவின் துறைமுக வாயிலை மறித்து ஒரே ஒரு கப்பல் நின்றது. அதிலிருந்த ஒரு துடுப்பைப் பார்த்ததும் ஏதென்ஸ் துடுப்புக்குத் திக்கென்றது. பாரசீகப் போரில் பக்கத்துக் கப்பலிலிருந்து தண்ணீரைக் கிழித்த துடுப்பு அது.

“தம்பி, ஒதுங்கிடு. நாங்க நூறு கப்பல் வந்திருக்கோம்” என்று கெஞ்சியது.

தீவுத் துடுப்பு சிரித்தது. “நூறுதானா? அரசனோட ஆயிரம் கப்பலையே பார்த்தவங்க நாம. அன்னிக்கு ஒதுங்கினோமா அண்ணே?”

கட்டளை ஒலித்தது. நூறு கப்பல்களின் துடுப்புகளும் தண்ணீரில் இறங்கின. பாரசீக அரசனின் துடுப்புகள் அன்றைக்கு எவ்வளவு கனத்திருக்கும் என்பது ஏதென்ஸ் துடுப்புக்கு அப்போதுதான் தெரிந்தது.