எல்லோருக்கும் பிடித்த குரல்

மூன்றாவது முறையும், தகரத்தில் மணலைக் கொட்டுவது போன்ற அந்தப் பழைய குரலுக்கே சைரகுல் கை தூக்கினாள்.

“அக்கா, விளையாடாதீங்க,” என்றாள் ஜீபெக். மென்பொருள் எழுதுகிற பெண். “கேட்டா காதுல ரத்தம் வருது. இதுக்குப் பயந்தே புள்ளைங்க கம்ப்யூட்டர் பக்கம் வராது.”

பிஷ்கெக் நகரில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடி. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் போட்டுக்கொள்ளும் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம், கிர்கிஸ் மொழியில் பார்வையற்றோர் பள்ளிகளுக்குப் போகவிருந்தது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல அதற்கு ஒரு குரல் வேண்டும். கடைசிவரை மிஞ்சியவை இரண்டு. பள்ளிகளில் இருந்த கிழட்டுக் கணினிகளில் ஒரு குரலுக்குத்தான் இடம்.

குழுவில் பார்வையில்லாதவள் சைரகுல் மட்டும்தான். பள்ளியில் கணினி சொல்லித்தருபவளும் அவளே. அவள் ஒப்புக்கொள்ளாமல் எதையும் முடிவு செய்வதில்லை என்று தலைவர் துர்சுன் முதல் நாளே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். இப்போது அதற்காக நொந்துகொண்டிருந்தார்.

“அந்தப் புதுசை இன்னொரு தரம் போடும்மா,” என்றார் ஜீபெக்கிடம்.

ஜீபெக் பொத்தானை அழுத்தினாள். ஓர் ஆணின் குரல், குளிரில் நடுங்குபவருக்குக் கம்பளியைப் போர்த்திவிடுவது போல, மலைப்பக்கம் பனி பெய்யும் என்று வானிலை அறிக்கையைப் படித்தது. அறையே அமைதியாகிக் கேட்டது. சைரகுல் தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“இப்படி ஒரு குரல் வீட்டுல இருந்தா, கரன்ட் பில்லைக்கூடப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருப்பேன்,” என்றாள் ஜீபெக். எல்லோரும் சிரித்தார்கள்.

“இதுல என்னம்மா குறை கண்டே?” என்றார் துர்சுன்.

“வேகத்தைக் கூட்டினா குழறும்.”

ஜீபெக் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டிக் காட்டினாள். ஒரு சொல்லும் குழறவில்லை.

“எங்க பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் இதைத் தாங்காது.”

“இப்ப ஓடுறதே உங்க பள்ளிக்கூடத்துல இருந்து எடுத்துட்டு வந்ததுலதான் அக்கா.”

சைரகுல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “விட்டுட்டுப் படிப்பான்,” என்றாள்.

“எதை விட்டுச்சு? ஒரு முழுப் புத்தகத்தைக் கொடுத்து, வரிக்கு வரி சரிபார்த்திருக்கேன்!”

“உனக்குக் கண்ணு இருக்கு. நீ சரிபார்ப்பே.”

ஜீபெக்கின் முகம் சுருங்கிவிட்டது. துர்சுன் நாற்காலியை இழுத்துப் போட்டு சைரகுலின் அருகில் உட்கார்ந்தார்.

“நேராவே சொல்லிடறேன். அந்தத் தகரக் குரலுக்கு உச்சரிப்பு பழக்கினது நீ. பெத்த புள்ளை மாதிரி ஆயிடுச்சு. அது தோத்துப்போச்சேன்னு உனக்கு வயிறு எரியுது. சரிதானே?”

“அப்படியே வெச்சுக்கோங்க அண்ணே. ஆனா இது வேண்டாம்.”

“அநியாயம்மா. குரல் கொடுத்த அந்த மனுஷன் வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து தொண்டை வத்தப் படிச்சுக் கொடுத்திருக்கார். காசு வேண்டாம், பேரும் போட வேண்டாம், கண்ணு தெரியாதவங்களுக்குப் பயன்பட்டா போதும்னுட்டார். தங்கமான மனுஷன். அவரைப் போய் வேண்டாங்கறியே!”

சைரகுல் சட்டென்று எழுந்தாள். கைத்தடி மேசைக்காலில் மோதியது. சுவரைத் தடவிக்கொண்டே கதவுவரை போய்க் கைப்பிடியைத் திருகினாள். அது அசையவில்லை.

“வெளியே சுவர்ல துளை போடறாங்க, சத்தம் வருதுன்னு நான்தான் பூட்டினேன்,” என்றாள் ஜீபெக். “முடிவு பண்ணிட்டுப் போயிடலாம் அக்கா. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாகணும்.”

திங்கட்கிழமை. வகுப்பறையில் வரிசையாக எல்லாக் கணினிகளும் ஒன்றாக வாய் திறக்கும். பிள்ளைகளின் பாடம், தங்கை அனுப்பும் செய்தி, வங்கியிலிருந்து வருவது, எல்லாமே அந்தக் குரல் வழியாகத்தான் அவளிடம் வந்தாக வேண்டும். கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றாள். மூச்சு வாங்கியது.

“உடம்புக்கு என்னம்மா?” துர்சுனின் குரல் இறங்கியிருந்தது. “இவ்வளவு அன்பான குரல். இதைக் கேட்டு யாராவது இப்படி ஓடுவாங்களா?”

சைரகுல் அவர் பக்கம் திரும்பினாள்.

“அது நான் பிரிஞ்சு வந்த என் புருஷன் குரல், அண்ணே. எனக்குக் கண்ணு போனப்புறம் வந்த சேதியெல்லாம் இதே அன்போடதான் படிச்சுச் சொன்னான். எங்கம்மா செத்த சேதியை மட்டும் படிக்கவே இல்ல.”